கர்கிள் சொன்னதுதான் சரி: ‘ஃபைண்டிங் நெமோ’வும் தொட்டிக்கு வரும் புது மீனும்

‘ஃபைண்டிங் நெமோ’ (2003) படத்தில் சரியாகப் பேசுகிற மீன் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கர்கிள். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்று இருக்கும் ராயல் கிராமா. படம் பார்த்த பலருக்கு அந்தப் பெயர்கூட ஞாபகம் இருக்காது. டோரியும் நெமோவும்தான் மனசில் நிற்பார்கள்.

காட்சியை நினைவுபடுத்துகிறேன். கடலில் நெமோவைப் பிடித்து வந்த சிட்னி பல் மருத்துவர், பிளாஸ்டிக் பையிலிருந்து அவனை நேராகத் தன் கிளினிக் தொட்டிக்குள் விட்டுவிடுகிறார். தொட்டியில் ஏற்கெனவே ஏழு பேர் இருக்கிறார்கள். புதுசாக வந்தவனைச் சுற்றி நின்று, எந்தக் கடையிலிருந்து வருகிறாய் என்று விசாரிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கடை பெயரைச் சொல்கிறார்கள். நெமோ மட்டும் கடலிலிருந்து வந்தவன். இது தெரிந்ததும் கர்கிள் அலறுகிறது: இவனுக்கு இன்னும் கிருமிநீக்கமே செய்யவில்லையே! உடனே ஜாக் என்கிற இறாலைக் கூப்பிட்டு சுத்தம் பண்ணச் சொல்கிறது. ஜாக் நாலு நொடி தடவிவிட்டு, முடிந்தது என்று அறிவிக்கிறது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தச் சிரிப்பில்தான் படத்தின் பலவீனம் இருக்கிறது. எச்சரிக்கையையும் பயத்தையும் இந்தப் படம் ஒன்றாகவே பார்க்கிறது. கடலில் அது ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். தொட்டியில் அது மீன்களைக் கொன்றுவிடும்.

ஒரு கார்ட்டூனில் போய் இதையெல்லாம் பார்க்கணுமா?

கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மீன் பேசுகிற படத்தில் ஒட்டுண்ணியைத் தேடுகிறவனை யாரும் பக்கத்து சீட்டில் உட்கார விடமாட்டார்கள்.

ஆனால் இது மீனைப் பற்றி அக்கறை இல்லாமல் எடுத்த படம் இல்லை. ஆண்ட்ரூ ஸ்டான்டனின் குழு ஆடம் சம்மர்ஸ் என்கிற மீன் உயிரியலாளரை அழைத்து வந்து அனிமேட்டர்களுக்கு வகுப்பே எடுக்க வைத்தது. எந்தத் துடுப்பை அசைத்து எந்த மீன் நீந்தும் என்பதுவரை பாடம். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது.

கோமாளி மீன்களில் பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடுமே, அப்படியானால் அப்பா மார்லின் அம்மாவாகியிருக்க வேண்டாமா என்று இணையத்தில் அடிக்கடி கேட்பார்கள். உயிரியல்படி அது உண்மைதான். ஆனால் என் புகார் அது இல்லை. கதைக்காகச் செய்த மாற்றங்களில் எனக்குச் சண்டை கிடையாது. படத்துக்குத் தெரிந்திருந்தும் கேலிக்குள் ஒதுக்கிவிட்ட விஷயம்தான் என் கவலை.

தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி படத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. நெமோ பள்ளிக்குப் போகிற முதல் நாள். கடல் சாமந்தியிலிருந்து வெளியே வருவதற்கு முன், உரசிக்கொள், உள்ளே போ, வெளியே வா, மறுபடி உள்ளே போ என்று மார்லின் மகனைப் படுத்தி எடுக்கிறான். நிஜக் கோமாளி மீன்கள் புதுச் சாமந்தியோடு பழகுகிற விதமும் கிட்டத்தட்ட இதுதான். எடுத்தவுடன் கொட்டும் கைகளுக்குள் குதிப்பதில்லை. வாலால் தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒரு புது இடத்துக்குள் ஓர் உயிர் நிதானமாக நுழைய வேண்டும் என்பது இந்தப் படத்துக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்கிற மார்லினை, அளவுக்கு மீறிப் பயப்படுகிற அப்பாவாகத்தான் காட்டுகிறது.

பைக்குள் நடப்பது

இப்போது பல் மருத்துவருக்கு வருவோம். பையைக் கவிழ்த்துவிட்டார். அதில் என்ன தப்பு?

மூடிய பைக்குள் மீன் மூச்சு விட விட கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, தண்ணீரின் பி.எச். இறங்குகிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்கிறது. பி.எச். குறைவாக இருக்கிறவரை அதில் பெரும்பகுதி அம்மோனியம் என்கிற சாதுவான வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். ஏறி, அந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. அதனால், பல மணி நேரம் பையில் பயணம் செய்து வந்த மீனை, பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பழக்குவதும் நல்லதல்ல. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்கி, உப்பின் அளவைப் பொருத்தி, மீனை மட்டும் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

உப்பின் அளவு இன்னொரு தலைவலி. கடல் நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025. பல கடைகளில் அதைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள். உப்புச் செலவும் மிச்சம், ஒட்டுண்ணிகளும் கொஞ்சம் அடங்கும். குறைந்த உப்பிலிருந்து அதிக உப்புக்குத் திடீரென்று போவது மீனுக்கு ரொம்பக் கஷ்டம். வந்த தண்ணீரின் அளவுக்கே ஒரு தனித்தொட்டியைத் தயாராக வைத்து, அதில் விட்டு, பிறகு நாள்கணக்கில் மெதுவாக ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

தனித்தொட்டி என்றதும் கர்கிளின் விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத பயணி

கடல் மீன் வளர்ப்பவர்களைத் தூங்கவிடாத பெயர் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ். வெள்ளைப்புள்ளி நோயைத் தருகிற ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மீனின் உடம்பில் மூன்று முதல் ஏழு நாள் வரை தங்கித் தின்னும். பிறகு உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து, ஒன்று இருநூறு வரை ஆகும். சில கூடுகள் சில நாளில் வெடிக்கும். சில நாலு வாரம், அதற்கு மேலும்கூடக் காத்திருக்கும். வெளியே வருகிற குட்டிகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். கடலில் பெரும்பாலானவை மீனைக் காணாமலே செத்துப்போகும். கண்ணாடித் தொட்டியிலோ எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்தான்.

இதனால்தான் கடையில் பளபளவென்று தெரிகிற மீனை நம்பக் கூடாது. புள்ளி இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இதைவிட வேகமாகக் கொல்கிற அமிலோடினியம் இருக்கிறது. கடலில் பிடித்த கோமாளி மீன்களில் அதிகம் காணப்படுவதால் கோமாளி மீன் நோய் என்றே பெயர் வாங்கிய புரூக்கினெல்லா இருக்கிறது. நெமோ யார் என்று யோசித்துப் பாருங்கள். கடலில் பிடித்த கோமாளி மீன். கர்கிள் அலறாமல் என்ன செய்யும்?

கர்கிள் சொன்னதும் பாதிதான் சரி. கடல் என்றதும் பயந்தது, கடைகளை விட்டுவிட்டது. பல கடைகளில் ஏகப்பட்ட தொட்டிகளுக்கும் ஒரே ஃபில்டர் அமைப்புதான், ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும். ஒரு தொட்டியில் இருக்கும் நோய் எல்லாத் தொட்டிக்கும் பொது. ஆளுக்கொரு கடையிலிருந்து வந்த அந்த ஏழு பேரும் ஒருவருக்கொருவர் எப்போதோ ஆபத்தாக இருந்தவர்கள்தான். பண்ணையில் பிறந்த மீன் என்றாலும் இதே கதைதான். நம் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் மண்டபத்தின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அங்கே சுத்தமாகப் பிறந்த குஞ்சும் கடைத் தண்ணீரில் இரண்டு நாள் நீந்திவிட்டால் எந்த உத்தரவாதமும் கிடையாது.

சரி, ஜாக்தான் சுத்தம் செய்துவிட்டதே? சுத்தம் செய்கிற இறால்கள் மீன்களின் மேல் ஏறிப் பொறுக்கித் தின்பது உண்மைதான். ஆனால் கிரிப்டோகேரியன் தோலின் மேல்பரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை, மேல்தோலுக்கு அடியில் போய்ப் புதைந்துகொள்கிறது. இறாலை நம்பி இந்த நோயைக் குணப்படுத்த முடியாது.

ஜாக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிற மருந்து செம்பு. மீன் தாங்கும் அளவுச் செம்பை இறால் தாங்காது, நட்சத்திர மீனும் தாங்காது. அதாவது நோய் அந்தத் தொட்டிக்குள் வந்துவிட்டால், மீன்களைக் காப்பாற்ற அங்கேயே மருந்து ஊற்றினால் ஜாக்கும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பீச்சும் செத்துப்போவார்கள். ஊற்றாவிட்டால் மீன்கள் சாகும். மூன்றாவது வழி, எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து வைத்தியம் பார்த்துவிட்டு, தொட்டியை இரண்டு மாதத்துக்கு மேல் மீனே இல்லாமல் காயப்போடுவது. பாறைகளைக் கலைக்காமல் மீன் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் நாலடிக் கடல் தொட்டி இருக்கிறது. புது மீன் வந்தால் முப்பது நாள் அது பால்கனிப் பக்கத்து அறையில்தான். மணல் இல்லை, பாறை இல்லை. வெறும் கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டுகள். பார்க்க அழகே இருக்காது. மீன் சாப்பிடுகிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, உடம்பைத் தேய்க்கிறதா என்று தினமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறார். “மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இல்ல பார்க்கிறீங்க?” என்று கேட்டேன். “மாப்பிள்ளை சரியில்லன்னா ஒரு வீடுதான் போகும் சார், இங்க மொத்தத் தெருவும் போயிடும்” என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். வெளியிலிருந்து வந்த எதையும் நேராக ப்ரொடக்ஷனில் ஏற்றமாட்டோம். அதைத் தடுத்து நிறுத்துகிற டெஸ்டரை யாருக்கும் பிடிக்காது. மீட்டிங்கில் அவரைக் கேலி செய்வார்கள். கர்கிள் அந்த டெஸ்டர்.

நெருப்பு வளையமும் எண்பது சதவீதமும்

படம் கிருமிக் கேள்வியை நாலு நொடியில் முடித்துவிட்டு, புதியவனை வரவேற்கிற வேலைக்கு முழுக் காட்சி ஒதுக்குகிறது. நள்ளிரவில் எரிமலைப் பொம்மைக்கு முன்னால் சடங்கு. குமிழிகளால் ஆன நெருப்பு வளையத்தைத் தாண்டிப் போனால் நெமோ அவர்களில் ஒருவன். பட்டப்பெயரும் கிடைக்கிறது. அழகான காட்சி, சந்தேகமே இல்லை.

நிஜத் தொட்டியில் பழைய மீன்கள் சடங்கு நடத்துவதில்லை, விரட்டும். முன்னால் வந்தவனுக்கு இடம் சொந்தம் என்பதுதான் அங்கே சட்டம். படத்தில் கண்ணாடியில் தெரிகிற தன் பிம்பத்தைத் தங்கச்சி என்று கொஞ்சும் டெப், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட டாம்செல் வகை. இடத்துக்காக முட்டி மோதுவதில் பேர் போன குடும்பம் அது. நிஜத்தில் பிம்பத்தைப் பார்த்தால் போட்டியாள் என்று மோதப் போகும். குமிழிப் பைத்தியமாக வருகிற மஞ்சள் டாங் வாலடியில் கத்தி வைத்திருக்கிற இனம். இந்தக் குணத்தையே வளர்ப்பவர்கள் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. புது மீனை விடும் நாளில் தொட்டிக்கு வெளியே ஒரு கண்ணாடியை ஒட்டிவைப்பார்கள். பழைய டாங் தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது புதுசு ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். பாறைகளை மாற்றி அடுக்குவது, விளக்கை அணைப்பது, துளை போட்ட பெட்டிக்குள் சில நாள் வைத்துப் பார்க்கவிடுவது, சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் சேர்ப்பது எல்லாமே இந்தச் சட்டத்தைச் சுற்றி வந்த தந்திரங்கள்.

கோமாளி மீன்களுக்குள் ஒருவன் எப்படிச் சேர்த்துக்கொள்ளப்படுகிறான் என்பதற்குப் படம் வந்த அதே 2003-இல் ஒரு பதில் வெளியானது. பீட்டர் பஸ்டன் பப்புவா நியூ கினியில் மடாங் கடற்கழியில் நெமோவின் நெருங்கிய சொந்தமான பெர்குலா கோமாளி மீன்களை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒரு சாமந்தியில் வாழும் மீன்கள் அளவு வாரியாக வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதன் அளவில் சுமார் எண்பது சதவீதத்துக்குள் தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதைத் தாண்டி வளர்ந்தால் மேலே இருப்பவரோடு மோதல், வெளியேற்றப்படும் ஆபத்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் புதியவன் தைரியத்தைக் காட்டி உள்ளே வருகிறான். நிஜத்தில் புதியவன் சின்னவனாகவே இருந்து உள்ளே நிற்கிறான். முதலாவது நமக்குப் பிடித்த கதை. இரண்டாவது, ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புரிகிற கதை.

பயப்படாத ஒரே ஆள்

படம் ஏன் இப்படிப் போனது? அந்தத் தொட்டியை அது சிறையாகப் பார்க்கிறது. தழும்போடு வருகிற கில் பழைய கைதி, ஃபில்டரை அடைப்பது தப்பிக்கும் திட்டம். சிறைக்கதையில் புதிதாக வருகிறவன் நம்பிக்கை. ஆனால் பல உயிர்கள் ஒரே தண்ணீரைப் பங்கிட்டு வாழும் இடத்தில் புதிதாக வருகிறவன் முதலில் ஓர் அபாயம். அவன் கெட்டவன் என்பதால் அல்ல. அவனுக்கே தெரியாமல் அவனோடு வருவதால்.

கில் ஒரு மூரிஷ் ஐடல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் உயிரோடு வைத்திருக்க மிகவும் கடினமான மீன்களில் அது ஒன்று. பல சமயம் சாப்பிட மறுத்தே செத்துப்போகும். பல காலம் தாக்குப்பிடித்த முரட்டுக் கைதியாக அதை நிறுத்தியிருப்பது சிறைக்கதைக்குப் பொருந்துகிறது, மீனுக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு காரணம், படத்தின் நீதி. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற அப்பா கையைத் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல நீதிதான், எனக்கும் உறைத்தது. ஆனால் அந்த நீதிக்காக, ஜாக்கிரதையாக இருக்கிற எல்லோரையும் படம் பயந்தாங்கொள்ளி வரிசையில் நிறுத்திவிடுகிறது. கடலில் மார்லின், தொட்டியில் கர்கிள்.

அப்படியானால் படத்தில் பயமே இல்லாத ஆள் யார்? பல் மருத்துவர். நெமோவைக் காப்பாற்றிக் கொண்டுவந்ததாகவே நம்புகிறார். மனுஷன் கெட்டவர் இல்லை, மீன்களைப் பிடிக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் கருவியைக் கிருமிநீக்கம் செய்கிற தொழில் அவருடையது. தொட்டி மீன்கள் அந்தத் தொழிலைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, வேர் சிகிச்சையில் அவர் எடுத்தது எந்த ஃபைல் என்று விவாதிக்கிற அளவுக்குத் தேறியிருக்கின்றன. கர்கிளுக்குக் கிருமிபயம் எங்கிருந்து வந்திருக்கும்? அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். மீன்கள் பார்த்துப் பல் வைத்தியம் கற்றுக்கொண்டன. வைத்தியர் மீன்களைப் பார்த்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. பின்னால் அவர் வாங்கி மாட்டுகிற தானியங்கி இயந்திரம்கூட வெப்பநிலையையும் பி.எச்.ஐயும் அளந்து எல்லாம் சரி என்கிறது. புதிதாக யார் வந்தார்கள் என்று அது கேட்பதில்லை.

கடைசிக் காட்சி

முடிவில் தொட்டிவாசிகள் தண்ணீர்ப் பைகளோடு உருண்டு சிட்னி துறைமுகத்தில் விழுகிறார்கள். பைக்குள் மிதந்தபடி அடுத்து என்ன என்று விழிப்பதோடு படம் சிரித்து முடிகிறது. கர்கிளின் இனம் கரீபியன் கடலைச் சேர்ந்தது. மஞ்சள் டாங்கின் முக்கிய இருப்பிடம் ஹவாய். குளிர்காலத்தில் 20 டிகிரிக்கும் கீழே போகிற சிட்னி தண்ணீர் அவற்றுக்கு வீடு ஆகாது. ஆகியிருந்தால் அது இன்னும் மோசம். இந்தோ-பசிபிக் பகுதியின் சிங்கமீன் 1985-இல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. யாரோ வளர்த்து விட்டது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இன்று அது கரீபியன் முழுக்கப் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. அதற்கு முன்னமே கடைத் தொட்டித் தண்ணீரில் கலந்து வாழ்ந்த நெமோ பவளப்பாறைக்குத் திரும்பிவிட்டான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலைக் கண்டு தொட்டி பயந்ததை வைத்துச் சிரித்தோம். தொட்டியைக் கண்டு கடல் பயப்பட வேண்டிய காரணம் அதைவிடப் பெரியது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் கோமாளி மீன்களை வாங்கிக் குவித்துக் கடலையே காலி செய்தார்கள் என்று அடிக்கடி சொல்லப்படும். மிலிட்ஸ், ஃபோல் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, அந்தக் குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்று 2017-இல் எழுதினார்கள். அந்தப் பழியை நானும் படத்தின் மேல் போடவில்லை. என் குறை சின்னது. மீனை வாங்க வைத்ததா என்பதை விடுங்கள். வாங்கியவருக்கு முதல் நாள் என்ன செய்யணும் என்று சொல்லியிருக்க முடியும். சொல்ல ஒரு பாத்திரமும் இருந்தது, வசனமும் இருந்தது.

குழந்தைகளோடு மறுபடி பாருங்கள், நல்ல படம்தான். நெமோ தொட்டிக்குள் விழும் காட்சியில் கர்கிள் அலறும்போது மட்டும், அது சொல்வது சரிதான் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பயப்படுகிறவன் கதவைத் திறக்கவே மாட்டான். அக்கறை உள்ளவன் கதவைத் திறப்பான், வந்தவரைத் திண்ணையில் உட்கார வைப்பான், முப்பது நாள் கழித்து உள்ளே கூப்பிடுவான்.